பயந்தவனும் முரடனும்: போக்கரில் பணம் வைக்கும் கணக்கு

போக்கர் மேஜையில் பணம் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. பயந்த ஆட்டக்காரனுக்குப் பணம் மெதுவாகக் கரையும். முரட்டு ஆட்டக்காரனுக்கு ஒரே ராத்திரியில் காலியாகும். மூன்றாவது ஆள்தான் விசேஷம். அவன் பயந்து ஒதுங்கவும் மாட்டான், பாயவும் மாட்டான். எதிராளி எவ்வளவு வைத்தாலும் “சரி, அதையும்தான் பார்த்துவிடலாமே” என்று அதே தொகையை எடுத்து வைத்துக்கொண்டே இருப்பான். தன்னை நிதானமான ஆள் என்று வேறு நினைத்துக்கொள்வான். மேஜையில் உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பவன் அவன்தான்!

ஜாக்கிரதை ஒரு பக்கம், துணிச்சல் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் நின்றால் தப்பு வராது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பல விஷயங்களில் அது சரியாகவும் இருக்கலாம். போக்கரில் அந்த நடுவழி எடுபடுவதில்லை. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பதில்லை. ஓரிடத்தில் முழு ஜாக்கிரதை, இன்னோரிடத்தில் முழுத் துணிச்சல் என்று இடம் பிரித்து வைக்கிறார்கள். எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

ரம்மியிலிருந்து போக்கருக்கு

போக்கரில் பல வகைகள் இருந்தாலும் இன்று பெரும்பாலோர் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் வரும் மூன்று ஃப்ளாப், அடுத்த ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். ஆக மொத்தம் ஏழு சீட்டுகளில் யாரால் சிறந்த ஐந்தைக் காட்ட முடிகிறதோ, நடுவில் குவிந்த பணம் அவருக்கு. சீட்டு திறப்பதற்கு முன்பும் பின்பும் நான்கு முறை பணம் வைக்கும் கட்டம் வரும். எதிராளி பணம் வைத்தால் மூன்றே வழிகள்: ஒதுங்கினால் ஃபோல்ட், அதே தொகையை வைத்தால் கால், கூட்டி வைத்தால் ரெய்ஸ்.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு ஃபோல்ட் புதிதல்ல. கை மோசமாக வந்தால் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டு, குறைந்த பாயின்ட்டோடு தப்பிப்பது போலத்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரம்மியில் பொதுவாகச் சீட்டு சேராமல் ஜெயிக்க முடியாது. போக்கரில் முடியும். மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால், மிச்சமிருப்பவர் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை அள்ளிக்கொண்டு போகலாம். போக்கரில் துணிச்சலுக்கு விலை இருப்பது இந்த ஒரு விதியால்தான்.

பயத்துக்கு ஆகும் செலவு

“நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடுவேன், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன்” என்று ஒருவன் முடிவெடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா உட்காருவதற்கும் வாடகை உண்டு. ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். பிளைண்ட் என்று பெயர். அந்த முறை மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் வரும்.

ஒன்பது பேர் மேஜை, பிளைண்ட் 1 டாலரும் 2 டாலரும் என்றால், ஒன்பது கைக்கு ஒரு முறை சும்மா இருப்பவனுக்கு 3 டாலர் போகும். இரண்டு ஏஸ் வருவதுதான் இருப்பதிலேயே சிறந்த ஆரம்பம். அது சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும். அதற்குள் 73 டாலருக்கு மேல் பிளைண்டிலேயே போயிருக்கும். சரி, கடைசியில் ஏஸ் ஜோடி வந்தே விட்டது. ஒரு நாள் முழுக்க வாயே திறக்காத ஆள் திடீரென்று பணத்தைத் தூக்கி வைத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பேசாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். அவனுக்குக் கிடைப்பது அந்த 3 டாலர் பிளைண்ட் பணம்தான்.

அப்படியே யாராவது இரண்டு ராஜாவோடு மாட்டினாலும் ஜெயம் நிச்சயமில்லை. எல்லாப் பணத்தையும் வைத்து ஐந்து சீட்டும் திறந்தால், ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை ஜெயிப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை. மற்ற 18 முறை? நாள் பூராவும் காத்திருந்தவன் வெறுங்கையோடு எழுந்து போக வேண்டியதுதான்.

முந்திக்கொள்பவனின் லாபம்

ஒரு கணக்கைப் பாருங்கள். நடுவில் 100 டாலர் இருக்கிறது. டர்ன் திறந்தாகிவிட்டது. ஒருவனிடம் நான்கு ஸ்பேட் சேர்ந்திருக்கிறது. ரிவரில் இன்னொரு ஸ்பேட் விழுந்தால் ஃப்ளஷ், ஜெயம். விழாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. அவன் பார்க்காத சீட்டுகள் 46, அவற்றில் ஸ்பேட் 9. அதாவது வாய்ப்பு 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்குக்கு 20 என்றே வைத்துக்கொள்ளலாம். ரிவருக்குப் பிறகு வைக்கும் பணத்தையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எதிராளி 60 டாலர் வைக்கிறான். இவன் கால் சொல்கிறான். ஐந்தில் ஒரு முறை 160 கிடைக்கும், நான்கு முறை 60 போகும். கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு முறையும் சராசரியாக 16 டாலர் நஷ்டம்.

இப்போது எதிராளி வைப்பதற்கு முன்பே இவன் முந்திக்கொண்டு அதே 60 டாலரை வைக்கிறான். எதிராளி பத்தில் நான்கு முறை பயந்து ஒதுங்குகிறான் என்று வைத்துக்கொண்டால், அந்த நான்கு முறையும் 100 டாலர் அப்படியே வரும். மற்ற ஆறு முறை மேலே சொன்ன அதே 16 டாலர் நஷ்டம். மொத்தத்தில் சராசரி லாபம் 30 டாலர்!

அதே சீட்டு, அதே 60 டாலர், அதே எதிராளி. பின்னால் போனால் நஷ்டம், முந்தினால் லாபம். கால் சொல்பவனுக்கு ஜெயிக்க ஒரே வழி, சீட்டு விழ வேண்டும். முந்தியவனுக்கு இரண்டு வழி: சீட்டு விழலாம், அல்லது எதிராளி ஒதுங்கலாம். இப்படிப் பாதி சீட்டை நம்பியும் பாதி மிரட்டலை நம்பியும் பணம் வைப்பதற்கு டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற போக்கர் ஆசிரியர் செமி-ப்ளஃப் என்று பெயர் வைத்தார். இன்னொன்றையும் அவர் வலியுறுத்தினார். முதல் ஆளாக ரெய்ஸ் செய்யத் தேவைப்படும் கையைவிட, இன்னொருவர் செய்த ரெய்ஸுக்குப் பின்னால் போவதற்கு இன்னும் நல்ல கை வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். முதலில் வைக்கப் பயப்படுவார்கள், பின்னால் போகப் பயப்பட மாட்டார்கள்.

2003ல் நடந்த ஒரு கை

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2003ம் ஆண்டு லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் பிரதானப் போட்டி நடந்தது. 839 பேர் கலந்துகொண்டார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதில் கிறிஸ் மனிமேக்கர் என்று ஒருவர். டென்னஸி மாநிலத்துக் கணக்காளர். ‘பணம் பண்ணுகிறவர்’ என்று பொருள்படும் அந்தப் பெயர் புனைபெயர் அல்ல, நிஜப் பெயர்தான்! இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஒரு தகுதிச் சுற்றின் வழியாக அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். மனிமேக்கர் ஒருவர், லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா இன்னொருவர். ஒரு கையில் மனிமேக்கரிடம் ஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். ஃபார்ஹாவிடம் ராணியும் ஒன்பதும். ஃப்ளாப்பில் 9, 2, 6. ஃபார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. டர்னில் ஸ்பேட் 8 விழுந்தது. மனிமேக்கரிடம் இப்போதும் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஸ்பேட் விழுந்தால் ஃப்ளஷ், ஒரு ஐந்தோ பத்தோ விழுந்தால் ஸ்ட்ரெய்ட். ஃபார்ஹா பணம் வைக்க, அவர் ரெய்ஸ் செய்தார். அதுவரை அது செமி-ப்ளஃப். ரிவரில் ஹார்ட் 3. எதுவும் சேரவில்லை. ஃபார்ஹா பணம் வைக்காமல் முறையைத் தள்ளிவிட்டார். மனிமேக்கர் கையிலிருந்த எல்லாவற்றையும் நகர்த்தி ஆல்-இன் சொன்னார். கையில் இருந்தது வெறும் காற்று.

ஃபார்ஹா வெகுநேரம் யோசித்தார். எதிராளிக்கு ஃப்ளஷ் சேராமல் போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகமும் வந்தது. கடைசியில் ஜெயிக்கிற சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கினார். சிறிது நேரத்தில் ஆட்டமே முடிந்து, 25 லட்சம் டாலர் பரிசு மனிமேக்கருக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006ல் 8,773 பேர்.

டிவியில் பார்த்தவர்களில் பலர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், “தைரியமாக எல்லாவற்றையும் வை, ஜெயிப்பாய்” என்பது. அது பாதிப் பாடம்தான். மனிமேக்கரின் பொய் எடுபட்டதற்குக் காரணம், அது நடந்த கதையோடு பொருந்தியது. தரையில் மூன்று ஸ்பேட் கிடந்தது. டர்னில் ரெய்ஸ் செய்தது உண்மையாகவே ஃப்ளஷ் வைத்திருப்பவர் செய்கிற காரியம். ஃபார்ஹா அதுவரை ஆடிய விதமும் பெரிய கை இருப்பதாகக் காட்டவில்லை. இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத கையில் அதே ஆல்-இன் வெறும் முரட்டுத்தனமாகியிருக்கும்.

துணிச்சலுக்கும் அளவுகோல் உண்டு

முரடனின் தவறு துணிவது அல்ல. எவ்வளவுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் துணிவது. நடுவில் 100 டாலர் இருக்கும்போது 50 வைத்து மிரட்டினால், மூன்றில் ஒரு முறைக்கு மேல் எதிராளி ஒதுங்கினாலே லாபம். 100 வைத்து மிரட்டினால் இரண்டில் ஒரு முறைக்கு மேல் ஒதுங்க வேண்டும். 300 வைத்தால் நான்கில் மூன்று முறைக்கு மேல் பலிக்க வேண்டும். 100 ரூபாய் கடனை வசூலிக்க 300 ரூபாய் செலவழித்து வழக்குப் போடுவது போல.

எத்தனை முறை பொய் சொல்லலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ரிவரில் நடுவில் இருக்கும் அளவு பணத்தை ஒருவன் வைக்கிறான் என்றால், இரண்டு நிஜக் கைக்கு ஒரு பொய் என்ற விகிதத்தில் அவன் ஆடினால், எதிராளி ஒதுங்கினாலும் கால் சொன்னாலும் எதிராளிக்கு அனுகூலமில்லை. அதற்கு மேல் பொய் சொன்னால் எதிராளி எப்போதும் கால் சொல்லியே பிழைத்துக்கொள்வான். பொய்யே சொல்லாவிட்டால் எதிராளி எப்போதும் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்வான்.

2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், இருவர் ஆடும் ஹோல்டெமில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடித் தோற்கடித்தது. மனிதர்கள் வைக்கத் தயங்குகிற மிகப் பெரிய தொகைகளை அது சர்வசாதாரணமாக வைத்தது. பேசாமல் ஒதுங்கவும் செய்தது. அந்த நிரலுக்குப் பயம் என்றால் என்ன என்றும் தெரியாது, வீரம் என்றால் என்ன என்றும் தெரியாது. இருந்தது விகிதம் மட்டும். மனிதர்கள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அதனிடம் வெறும் கணக்காக இருந்தது.

ஜாக்கிரதை சேர்க்கும் முதலீடு

மனிமேக்கர் ஜெயித்த அதே 2003ல் மூன்றாவதாக வந்தவர் டான் ஹாரிங்டன். 1995ல் பட்டம் வென்றவர். எதற்கும் அவசரப்படாமல், நல்ல கை வந்தால் மட்டும் ஆடுகிறவர் என்று பெயர் எடுத்தவர். ‘ஆக்‌ஷன் டான்’ என்று அவருக்குக் கிண்டலாகவே ஒரு பட்டப்பெயர் உண்டு. அடுத்த ஆண்டு 2,576 பேர் ஆடிய போட்டியிலும் கடைசி மேஜைக்கு வந்து நான்காவதாக முடித்தார்.

அந்த 2004 கடைசி மேஜையில் ஒரு கை. ஒருவர் ரெய்ஸ் செய்தார், இன்னொருவர் கால் சொன்னார். ஹாரிங்டன் இருவருக்கும் மேலே கூட்டி வைத்தார். எல்லோரும் ஒதுங்கினார்கள். அவரிடம் இருந்தது 6ம் 2ம். குப்பையிலும் குப்பை!

எப்படிப் பலித்தது? கூட்டி வைத்தவர் ஹாரிங்டன் என்பதால்தான். நாணயமான மளிகைக்கடைக்காரர் ஒரு நாள் எடையைக் குறைத்துப் போட்டால் யாரும் தராசைப் பார்ப்பதில்லை. அத்தனை நேரம் அவர் ஒதுங்கிய ஒவ்வொரு கையும் நம்பிக்கையாகச் சேர்ந்துகொண்டே வந்தது. அந்தச் சேமிப்பை ஒரே கையில் எடுத்துச் செலவழித்தார். எப்போதும் சத்தம் போடுகிறவனுக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. எப்போதும் ஒதுங்குகிறவனுக்குச் சேமிப்பு நிறைய இருக்கும், ஆனால் எடுக்க மனம் வராது.

ஆகவே ஜாக்கிரதையின் இடம் ஆட்டத்துக்குள் நுழைவதற்கு முன்னால். எந்தக் கையை ஆடுவது, எப்போது, எங்கே உட்கார்ந்திருக்கும்போது என்பதில்தான். கடைசியாகப் பேசும் இடத்தில் இருப்பவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதே கையை அங்கே ஆடலாம், முதல் ஆளாக இருந்தால் ஒதுங்கலாம். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. போருக்குப் போகும் அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை போக்கருக்கும் அச்சாகப் பொருந்துகிறது. சூது என்று தனி அதிகாரம் வைத்துச் சூதாட்டத்தைக் கண்டிப்பதும் அதே நூல்தான் என்பதையும் மறப்பதற்கில்லை.

மேஜைக்கு வெளியே

அந்தக் கண்டிப்புக்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் ஸ்டூ அங்கரின் கதையைப் பார்க்க வேண்டும். 1980, 1981, 1997 என்று மூன்று முறை பிரதானப் போட்டியை வென்றவர். எதிராளியை மூச்சுவிட விடாமல் விரட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். மேஜையில் அவருடைய துணிச்சலுக்குப் பின்னால் அசாத்தியமான கணக்கு இருந்தது. மேஜையை விட்டு எழுந்தால் அந்தக் கணக்கு இருக்காது. போக்கரில் ஜெயித்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதைப் பொருளிலும் போனது. 1997 போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டக்கூட அவரிடம் பணம் இல்லை. நண்பர் ஒருவர் கட்டினார். அந்த ஆண்டு முதல் பரிசு 10 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு சாதாரண விடுதி அறையில், 45வது வயதில் இறந்துபோனார். பணம் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அவர் தவறவிட்ட கணக்கை 1956லேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி. இருக்கும் பணத்தில் எவ்வளவு பங்கை ஒரு பந்தயத்தில் வைக்கலாம் என்பதற்கான சூத்திரம் அது. நூற்றுக்கு 60 முறை ஜெயிக்கிற, வைத்ததற்கு இரட்டிப்பாகத் தருகிற ஒரு பந்தயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருமையான வாய்ப்பு! 100 டாலரோடு ஆரம்பித்து, ஐந்து முறை ஆடி, எதிர்பார்த்தபடியே மூன்று ஜெயம் இரண்டு தோல்வி என்றால் மிஞ்சுவது இவ்வளவு:

ஒவ்வொரு முறையும் இருப்பதில் 5 சதவீதம் வைத்தால் 104.50 டாலர்.
20 சதவீதம் வைத்தால் 110.60 டாலர்.
40 சதவீதம் வைத்தால் 98.80 டாலர்.
50 சதவீதம் வைத்தால் 84.40 டாலர்.
ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் வைத்தால் பூஜ்யம்.

மேலே இருக்கும் எல்லா வரிசையிலும் பந்தயம் ஒன்றேதான். அனுகூலமும் ஒன்றேதான். 5 சதவீதக்காரன் பயத்தால் கொஞ்சம் லாபத்தை இழந்தான். 40 சதவீதக்காரன் ஜெயிக்கிற பந்தயத்திலேயே தோற்றான். கெல்லியின் சூத்திரம் இதற்குச் சொல்லும் அளவு 20 சதவீதம். சரியான அளவைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பதற்கு ஆகும் தண்டனை சிறியது. இரண்டு மடங்காக வைப்பதற்குத் தண்டனை முழு லாபமும். ஆகவே மொத்தப் பணம் என்று வரும்போது சந்தேகம் வந்தால் ஜாக்கிரதையின் பக்கம் சாய்வதே சரி. ஒரு கைக்குள் புலியாகப் பாய்கிறவர், மொத்தக் கையிருப்பில் எறும்பாக இருக்க வேண்டும்.

யாருடைய திறமை?

அதே சூத்திரம் இன்னொன்றும் சொல்கிறது. அனுகூலம் இல்லாவிட்டால் வைக்க வேண்டிய அளவு பூஜ்யம்.

போக்கர் மேஜையில் புதிதாகப் பணம் எதுவும் முளைப்பதில்லை. பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் கொண்டுவந்தால், நடுவில் குவியும் பணத்திலிருந்து இடம் கொடுத்தவர் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார். இரவு முடிவில் அவர் 100 டாலர் எடுத்திருந்தால், 900 டாலரைத்தான் பத்துப் பேரும் பங்கு போட வேண்டும். சராசரி ஆட்டக்காரன் என்றால் நஷ்டக்காரன் என்றே பொருள்.

போக்கர் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று இந்தியாவில் வெகுகாலம் வழக்கு நடந்தது. தமிழ்நாடு அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை விதித்தது.

திறமை ஆட்டம் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் பலருக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. உண்மையில் பயம் வர வேண்டும். தாயக்கட்டை போல முழுக்க அதிர்ஷ்டமாக இருந்தால், விவரம் தெரியாதவனும் பாதிக்குப் பாதி ஜெயிப்பான். திறமை ஆட்டம் என்றால், திறமை குறைந்தவனின் பணம் திறமைசாலியிடம் போய்ச் சேர்வது ஏறத்தாழ நிச்சயம் என்று பொருள். இரண்டு நாள் ஜெயித்துவிட்டு ‘நமக்குத் திறமை இருக்கிறது’ என்று நினைக்கிறவனுக்கு, அது திறமையா, 18 சதவீதத்தில் விழுந்த அதிர்ஷ்டமா என்று அந்த இரண்டு நாளில் தெரிய வழியே இல்லை.

போக்கர் கற்றுத்தருவதில் மிகக் கடினமான ஜாக்கிரதை இதுதான். கையில் இருக்கும் சீட்டைப் பற்றிய ஜாக்கிரதை ஒரு மாதத்தில் வந்துவிடும். தன்னைப் பற்றிய மதிப்பீட்டில் ஜாக்கிரதை வருவதற்கு வருடங்கள் ஆகும். அது வருகிறவரை பட்டாணியை வைத்து ஆடுகிறவனுக்கு மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். வீட்டு வாடகையை வைத்து ஆடுகிறவன் அதே பாடத்துக்கு முழுக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.